மூச்சை விடுங்க

மாப்பிள்ளையின் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தேன்.
பெரியாஸ்பத்திரி, இரவு பதினொன்றரை, வெளிச்சப் பெட்டியில்
முருங்கைக் கிளை ஒடிந்தாற்போல் ஒரு கோடு.
"குதிரை தூக்கிப் போட்டிருச்சு" என்றார்கள் கூட வந்தவர்கள்.
சரவெடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மறுவாரம் அந்தக் குதிரை என்னிடம் இருந்தது.
மட்டக்குதிரை. என் மார்பு உயரம். பெயர் சில்லறை.
"ஏறினா உதறும், உதறினா ஓடும்,
ஓடினா வைகை முடியிற எடத்துலதான் நிக்கும்."
காஜா மைதீன் எதையும் மறைக்காமல் விற்றார்.
விலையிலேயே அது தெரிந்தது.

சேணத்தைக் கழற்றி முதுகில் விரலை ஓட்டினேன்.
தோள்மேட்டுக்குப் பின்னால் ரூபாய் அகலத்தில்
இரண்டு இடங்களில் முடி வெளுத்திருந்தது.
தொட்டதும் தோல் வெடுக்கென்று சுளித்தது.
படம் எடுக்கலாமென்றால் எங்கள் மேஜை மனிதர்களுக்கு.
கீழவாசலில் பைக் சீட் தைக்கும் குபேந்திரனிடம்
சேணத்தைக் கொண்டுபோய்ப் போட்டேன்.
கவிழ்த்தார். பஞ்சைப் பிய்த்தார்.
விரிசல் விட்ட கட்டை, வளைந்த ஆணி ஒன்று.
"இதுல நீ உக்காருவியா?" என்றார்,
அந்த ஆணியிடமே கேட்பதுபோல்.

புது மெத்தை வந்தது. கார்த்திகை, மார்கழி,
முதுகு ஆறட்டும் என்று காத்திருந்தேன்.
தையில் ஏறினேன்.
அப்படியே உதறியது.

வலி காலி செய்துவிட்டுப் போன வீடு.
அதன் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

சிலைமான் பக்கம் ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் இருந்தது,
அள்ளியவர்கள் விட்டுவைத்த அளவுக்கு.
விடியலில் நீளக் கயிற்றில் சுற்றவிட்டேன்,
முதலில் வெறும் முதுகோடு, பிறகு ஒரு சாக்கு.
பிறகு சேணம்; வாரில் இன்றைக்கு ஒரு துளை,
மூன்று நாள் கழித்து இன்னொரு துளை.
மேலே மணல் மூட்டை, கால்களுக்குப் பதிலாக
இரண்டு பக்கமும் இடிக்கிற தண்ணீர் கேன்கள்.
மூட்டையை அது உதறவேயில்லை.
என்னை மட்டும்.
இரண்டு முறை கருவேல முள்ளில் விழுந்தேன்.
ஜெசிந்தா சிஸ்டர் ஊசியால் எடுத்துவிட்டாள், திட்டிக்கொண்டே.

மூட்டைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?
யோசித்தபடி பொத்தானில் விரல் வைத்திருந்தேன்.
நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிற வாக்கியத்தை
வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது:
மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க.

அட.

அங்கவடியில் கால் வைத்த ஒவ்வொரு முறையும்
நான் இழுத்துப் பிடித்திருக்கிறேன்.
என் விலா இறுகியதை அது தன் விலாவால் படித்திருக்கிறது.
மேலே இருப்பவளே பயப்படுகிறாள் என்றால்
ஏதோ வரப்போகிறது.

மறுநாள் ஏறும்போது சத்தமாகச் சொன்னேன்:
மூச்சை விடுங்க.
அதற்கா, எனக்கா, தெரியாது.
மரியாதை தொழில் பழக்கம்.
ஒரு காது பின்னால் திரும்பியது.
நாலு அடி நடந்தது. இறங்கிவிட்டேன்.
ஐந்தாவது அடியைக் கேட்பது பேராசை.

ஓட்டத்துக்கு வேறு வழி கற்க வேண்டியிருந்தது.
கடிவாளத்தை இரண்டு கையாலும் இழுத்தால்
அதன்மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடும்.
ஒரு பக்கம் மட்டும், மெதுவாக,
மூக்கு என் முழங்காலுக்கு வரும்வரை. வட்டம் சுருங்கும்.
சுருங்கி, ஒரு கட்டத்தில்
தான் எதற்கு ஓடினோம் என்பதே அதற்கு மறந்துபோகும்.

சித்திரையில் அணையைத் திறந்தார்கள்.
மாதக்கணக்காக நாங்கள் மிதித்து வைத்த வட்டம்
ஒரே ராத்திரியில் காணாமல் போனது.
அதற்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

வைகாசியில் ஒரு சாயங்காலம்
கரைச் சாலையில் ஆயிரம்வாலா வெடித்தது.
சில்லறை ஓடியது. ஆமாம், ஓடியதுதான்.
ஒரு தென்னந்தோப்பு நீளம்.
விட்டேன், வயிற்றின் அடிவரைக்கும்.
ஒற்றைக் கை. வட்டம். சின்ன வட்டம்.
நின்றது, சத்தம் வந்த பக்கமே முகத்தை வைத்து,
நடுங்கியபடி. நானும்தான்.
பிறகு அங்கேயே லத்தி போட்டது.

மேலே ஊர்வலம் நகர்ந்துகொண்டிருந்தது.
ஜரிகை போர்த்திய வேறொரு குதிரை,
அதன்மேல் ஒரு மாப்பிள்ளை,
மூச்சை இழுத்துப் பிடித்தபடி.

எனக்கு அன்றைக்கு நைட் டூட்டி.